வியேன் என்றால் அடுப்படி

எதிர் வீட்டு ழூல் அண்ணனுக்கு பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வருகிறது. ஆனால் குரல் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. தருமபுரத்தில் எங்கள் தெருவுக்கு அலாரமே வேண்டாம். பிரான்சில் இருக்கும் ஒரே மகன் தியேரி, ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அம்மா ரோசலியோடுதான் பேசுவான். இவர் வாங்கி "அல்லோ!" என்று ஒரு அதட்டல் போட்டால், "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்பான். அவ்வளவுதான் பேச்சு. மனுஷனுக்கு உள்ளுக்குள் அது அரித்துக்கொண்டே இருந்தது. "பெத்ததுதான் மதிக்கல, வளக்குறதாவது மதிக்கட்டும்" என்று ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

தாய் திருநள்ளாறு ரோட்டில் பஸ்ஸில் அடிபட்டுப் போன குட்டி அது. கண் திறக்கவில்லை, காதும் அடைத்திருந்தது. மூக்கு மட்டும்தான் வேலை செய்தது. ரோசலி அக்கா பாலில் நனைத்த விரலை நீட்டினால், தலையை ஆட்டி ஆட்டித் தேடி வந்து சப்பும். சீக்கிரமே பால் இல்லாத வெறும் விரலுக்கும் வந்தது. அண்ணனோ அதற்கு கப்ரால் என்று பட்டாளப் பதவியில் பெயர் வைத்து, "வியேன்!" என்று கத்திக்கொண்டிருந்தார். பிரெஞ்சில் 'வா' என்று அர்த்தமாம். செவிடன் காதில் ஊதிய சங்குதான், வேறென்ன!

கண் திறந்தது. பிறகு காதும் திறந்தது. அது கேட்ட முதல் சத்தமே இவருடைய "வியேன்!"தான். குட்டி வெடவெடத்துப் போகும். "ஐயோ, பச்சப்புள்ளைய ஏங்க மெரட்டுறீங்க?" என்று அக்கா அடுப்படியிலிருந்து பால் கிண்ணத்தோடு ஓடி வருவார். தினமும் இதே கூத்து.

நடக்கத் தெரிந்ததும் என்ன ஆயிற்று? அண்ணன் "வியேன்!" என்றால் கப்ரால் வாலை ஆட்டிக்கொண்டு நேரே அடுப்படிக்கு ஓடியது.

"பாத்தியா பஹீமா, நன்றி கெட்ட நாய்!" என்றார் என்னிடம்.

எனக்கு வந்ததே கோபம்! "அண்ணே, அதுக்கு அறிவு உங்களவிட ஜாஸ்தி. நீங்க கத்துனா அக்கா வரும், அக்கா வந்தா பால் வரும். சரியாத்தானே கத்துக்கிட்டிருக்கு? ஒருநாள் வாயப் பொத்திக்கிட்டு நீங்களே பால் குடுத்துப் பாருங்க."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த ஞாயிறு நான் கறிவேப்பிலை கேட்டுப் போனபோது, மனுஷன் முட்டிவலியையும் பார்க்காமல் தரையில் சம்மணம் போட்டு, பால் தொட்ட விரலை நீட்டியபடி கப்சிப்பென்று உட்கார்ந்திருந்தார். குட்டி முகர்ந்து முகர்ந்து மடிவரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் அடித்தது. அக்கா கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணன் எடுத்து எதையோ அழுத்த, ஸ்பீக்கர் போட்டுக்கொண்டது. குட்டி பயந்துவிடுமே என்று அவர் வாயைத் திறக்கவில்லை.

"அம்மா? அப்பா பக்கத்துல இல்லல்ல? சத்தமே காணோம்," என்றான் தியேரி. "முட்டிவலி எப்புடி இருக்கு அவருக்கு? டாக்டர்கிட்ட போனாரா, இல்ல வீம்பு புடிக்கிறாரா? நெனச்சா தூக்கமே வரலம்மா. நான் கேட்டேன்னு சொல்லிடாத, கத்துவாரு."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போதாவது பேசுவார் என்று பார்த்தேன். மூச்சு விடவில்லை. பேசினால் மகன் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுவானே!

"யாருங்க போன்ல?" என்று கொல்லையிலிருந்து அக்கா கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், சொல்லிவிடாதே என்று அண்ணன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.