சிவப்பாகத் தெரிந்த குளம்

செயற்கைக்கோள் படத்தில் பச்சை இலை சிவப்பாகத் தெரியும், தண்ணீர் கறுப்பாகத் தெரியும். இதைப் படித்துவிட்டுத்தான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரித் திட்டத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ இருக்கும். மாவட்டத்தில் எங்கே வயல், எங்கே வாழை, எங்கே ரப்பர், எங்கே குளம் என்று படத்தைப் பார்த்துப் பிரித்து வரைபடமாக்க வேண்டும்.

படத்தில் சுசீந்திரம் பக்கம் வந்தபோது எங்கள் ஊர்க் குளத்தைத் தேடினேன். காணோம். இருந்த இடம் முழுக்கச் சிவப்பு. கரைக்குக் கரை தாமரை மூடிக் கிடக்கிற குளம். மேலேயிருந்து எடுத்தால் இலைதானே விழும்! கம்ப்யூட்டர் அதை வயல் என்று வைத்திருந்தது. நான் குளம் என்று திருத்தினேன். மறுநாள் பார்த்தால் மறுபடியும் வயல்.

மாற்றியவர் திட்டத்தின் தலைவர், சென்னையிலிருந்து வந்த பேராசிரியர். "உன் ஊருங்கிறதுக்காக மாத்தக் கூடாதும்மா. டேட்டா என்ன சொல்லுதோ அதுதான்," என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்த சமயத்துப் படம் ஒன்றைத் தேடியெடுத்து அவர் முன்னால் திறந்தேன். சுற்றியிருந்த வயலெல்லாம் வெளிறிக் கிடந்தது, குளம் மட்டும் அதே சிவப்பு.

"வயல்னா இதுவும் வெளுத்திருக்கணும்லா சார்?"

கொஞ்ச நேரம் பார்த்தார். "கரெக்ட். அப்போ வாழைத்தோட்டம்."

அடப்பாவி மனுஷா!

வீட்டுக்கு வந்து கத்தினேன். அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன்; சிரிக்கவில்லை. எங்கள் வயலுக்குப் பாய்வது அந்தக் குளத்துத் தண்ணீர்தான். பக்கத்துக் குளம் ஒன்றில் ஏற்கெனவே லாரி லாரியாக மண்ணடித்து மனைக்கல் நட்டிருந்தார்கள்.

"மக்கா, படத்துல வாழைன்னு இருந்தா, இங்க மண்ணடிக்க வாறவன் அதைத்தானே காட்டுவான்? குளமே கெடையாதுன்னுட்டுப் போயிருவான்லா," என்றார்.

அம்மாவுக்கு வேறு கவலை. "ஏட்டி, அவரு கையெழுத்துப் போட்டாத்தான உனக்கு அடுத்த வருசமும் வேலை? சவத்தை விட்டுத் தொலை."

விடுவதாக இல்லை நான். வரைபடத்தை முடிக்குமுன் சில இடங்களுக்கு ஜிபிஎஸ் கருவியோடு போய், குறித்த புள்ளியில் நின்று சரிபார்க்க வேண்டும். புள்ளிகளைக் குறிக்கிற வேலை என்னுடையது. குளத்தின் நட்டநடுவில் ஒன்றைக் குறித்தேன்.

கரையில் ஜீப்பை விட்டு இறங்கிய பேராசிரியர் தாமரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தாமரையும் பயிர்தானேம்மா. 'இதர பயிர்'னு போட்டுடலாம்," என்றார்.

அதற்குமேல் என்ன பேச்சு? செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுடிதாரோடு இறங்கினேன். சின்ன வயதிலிருந்து நீந்திய குளம், எனக்கென்ன பயம். தாமரைத் தண்டின் முள் கீறிக் காலெல்லாம் எரிந்தது. சேறு முழங்கால்வரை இழுத்தது. தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது கருவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த வருஷம் என்னை வைத்துக்கொள்ளமாட்டார் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. போகட்டும். பூப்பறிக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏம்மா, பைத்தியமா உனக்கு? மேல ஏறு! நம்புறேன், போதும்!"

"நம்ப வேண்டாம் சார். எழுதுங்க."

"ஆபீஸ்ல போய் எழுதிக்கலாம்மா."

"இங்க வச்சே எழுதுங்க. எழுதி வாசிச்சுக் காட்டுங்க. பொறவு ஏறுதேன்."

ஜீப்பின் பானட்டில் தாளை வைத்து எழுதினார். "குளம்," என்று முனகினார்.

"கேக்கல சார்!" என்றேன்.