வலப்பக்கம் குறைந்த பாரம்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நாலு, தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. எழுத்து அவ்வளவு வராது; நான் சொல்ல, பேத்தி ஆரணி எழுதுகிறாள். ஆனால் ஸ்பிரிண்ட் கார் என்கிற பந்தயக் காரின் சேஸியை, அதுதான் அடிச்சட்டத்தை, பற்றிக் கேட்டால் சொல்லுவேன்.

நான் இருக்கிற பென்டில் ஹில்லில் இருந்து குணம் தம்பியின் பட்டறைக்குக் கூட்டித் துடைக்கத்தான் போனேன். பிறகு இன்னொரு வேலையும் வந்தது: காரில் ஏறிச் சும்மா இருப்பது. சிரிக்க வேண்டாம். அந்தக் கார் மண் பாதையில் இடப்பக்கமாகவே வளைந்து சுற்றுவது. எந்தச் சில்லில் எவ்வளவு பாரம் என்பதில்தான் அதன் பிடி இருக்கிறது. அதனால் நாலு சில்லுக்குக் கீழும் நாலு ஸ்கேல் வைத்து, ஓட்டுகிற ஆளோடு சேர்த்து நிறுப்பார்கள். ஓட்டுகிறது குணத்தின் மகள் சுபா. கிழமை நாட்களில் அவளுக்கு வேறு வேலை. அவள் நிறையும் என் நிறையும் ஒன்று என்பதால் நான் ஏறி இருப்பேன். ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கிற டோர்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பியின் திருகைத் திருப்பிக் குணம் பாரத்தைச் சரிப்படுத்துவார்.

"மூச்சு விடலாம் அக்கா, அசையக்கூடாது."

"கோயில்லயும் நான் இப்பிடி இருந்ததில்லை தம்பி."

ஒரு போட்டியில் கார் வலப்பக்கச் சுவரில் அடித்துப் புரண்டது. சேஸி வளைந்தது. சுபாவின் தோள் எலும்பு முறிந்தது. தோள் ஆறுவதற்குள் குணம் புதுச் சேஸி வெல்ட் பண்ணி முடித்தார்.

அவள் திரும்பப் போட்டியில் ஓட வேண்டிய சனிக்கிழமை காலை, முதலில் நான் காரில் ஏறி இருந்தேன். கணக்குச் சரி. பிறகு சுபா இருந்தாள். வலப்பக்கம் குறைந்து இடப்பக்கம் கூடியது. குணம் காரை அமுக்கிக் குலுக்கிவிட்டுப் பார்த்தார். அதே கணக்கு.

"என்ன கோதாரியடா இது!" என்று ஸ்பானரை எடுத்தார்.

நான் பிள்ளையைப் பார்த்தேன். வலது தோளை உள்ளே இழுத்து, சுவருக்கு விலகுகிற மாதிரி உடம்பை இடப்பக்கம் ஒதுக்கியிருந்தாள். ஆனால் அவளுக்குப் பக்கத்தில் சுவரே இல்லை.

"தம்பி, திருகைத் தொடாதேங்கோ. பிள்ளையைப் பாருங்கோ."

"சுபா, நேரா இரு."

"ஓகே அப்பா, நேராத்தான் இருக்கிறன்."

"இல்லை மகள்," என்றார் குணம்.

குனிந்து தன் தோளைப் பார்த்தாள்.

"அந்தச் சுவர் இன்னும் பக்கத்தில நிக்குது அப்பா. நீங்க இவ்வளவு பாடுபட்டிட்டீங்கள்... எப்பிடிச் சொல்றது?"

குணம் ஸ்பானரை வைத்தார். "அப்ப இண்டைக்குப் போகேல்லை. கார் எங்க ஓடப்போகுது? நிக்கட்டும்."

அந்த சீசன் முழுக்கக் கார் நின்றது. சுபா இடைக்கிடை வந்து அதில் ஏறி இருந்துவிட்டுப் போவாள். அடுத்த சீசன் தொடங்க முன் ஒருநாள், அவள் ஏறி இருக்க, யாரும் சொல்லாமலே நாலு ஸ்கேலும் சரியாகக் காட்டின. போட்டிக்குப் போய் ஓடினாள். எத்தனையாவதாக வந்தாள் என்று நான் கேட்கவில்லை. நடந்து வந்தாள், பார்த்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: கணக்குப் பிழைத்தவுடன் திருகைத் திருப்பாதீர்கள். அன்று திருப்பியிருந்தால், பயத்தின் அளவுக்கு ஒரு காரைத் தைத்து, அதிலேயே அவளை அனுப்பியிருப்போம்.

ஆரணிக்குஞ்சு, இடம் வலம் மாறாமல் எழுதினியோ? எங்க, முதல்ல இருந்து வாசி பாப்பம்.