மருமகளுக்கு ஊர் காட்டக் கிளம்பினேன்

எங்கள் ஏரியாவை மருமகளுக்குச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தபோது, அதை நானே சரியாகப் பார்த்ததில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. விருதுநகரை ஒட்டி, சூலக்கரைப் பக்கம், பிளாட் போட்டு விற்ற இடத்தில் வீடு கட்டிக் குடிவந்து பல வருஷமாகிறது. ஆனால் வாசலில் கார் ஏறுவேன், வாசலிலேயே வந்து இறங்குவேன். கடைக்குப் போகிற வேலை எனக்குக் கிடையாது. காலையில் குளித்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் மளிகை, காய்கறி, மருந்து, இட்லி மாவு எல்லாம் வாசலுக்கு வந்து சேரும். எங்கள் மாதிரி வியாபாரக் குடும்பத்துப் பெண்கள் பலர் வீட்டை நடத்துவது இப்படித்தான். வீட்டில் எது தீரப்போகிறது என்பது தீருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அதில் எனக்குப் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

மருமகள் கோயம்புத்தூர்க்காரி. கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் ஒன்று எங்களுக்குச் சிவகாசியில் இருக்கிறது. என் வீட்டுக்காரரும் மகனும் காலையிலேயே அங்கே போய்விட்டால் பகல் முழுக்க வீட்டில் நானும் அவளும்தான். நல்ல பெண். குரல் உயர்த்திப் பேச மாட்டாள். வந்த புதிதில் மொட்டை மாடியில் நின்று நாலாபக்கமும் பார்த்துவிட்டு, "எங்கயுமே பச்சையக் காணோமுங்களே அத்தை" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கண்மாய் நிறையச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறதே, அது பச்சை இல்லையா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

இது நடந்து பல மாதம் கழித்து, அவள் தன் அம்மாவிடம் போனில் பேசியது என் காதில் விழுந்தது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. மாடிப்படியில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். துணி மடிக்க அதைவிட வசதியான இடம் எங்கள் வீட்டில் நிறைய இருக்கிறது என்பது வேறு விஷயம். "சீக்கிரம் கிளம்பிருவோம்மா. அவருகிட்டச் சொல்லிட்டேன். அத்தைகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல" என்றாள்.

இருப்பது ஒரே மகன். கோயம்புத்தூரில் அவள் அப்பாவுக்கு நல்ல வியாபாரம், மாப்பிள்ளையை இழுத்துக்கொள்ள எத்தனை நேரமாகும்? மகனிடம் கேட்டால் சண்டையாகிவிடும். கேட்காமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி தோன்றியது. ஊர் பிடிக்காததால்தானே போகப் பார்க்கிறாள்? பிடிக்க வைத்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள், நல்ல கடைகளையும் மரம் இருக்கிற இடங்களையும் அவளுக்கு நடத்தியே காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன்.

பிரஸ்ஸிலிருந்து வந்த வேஸ்ட் லேபிள் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் வழி வரைய உட்கார்ந்தேன். கலெக்டர் ஆபீஸ் வளாகத்து மரங்கள், நர்சரி, பார்க், சேவுக்கடை, துணிக்கடை என்று வரிசையாக எழுதிவிட்டேன். எதற்குப் பக்கத்தில் எது என்று வரையப் போனால் கை நின்றுவிட்டது. இத்தனை வருஷமாகச் சாமான் வாங்குகிற மளிகைக்கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கலெக்டரே இம்புட்டு பிளான் போட மாட்டாரு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

சரி, முதலில் ஒத்திகை பார்ப்போம் என்று, கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு நாள் காலையில் தனியாகக் கிளம்பினேன். இறங்கி நடந்ததும் வந்த வேலையே மறந்துபோனது. எங்கள் தெரு முட்டுச் சந்து என்று நினைத்திருந்தேன். அதன் கடைசியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வழி இருந்தது, அந்தப் பக்கம் முழுசாக ஒரு கடைத்தெரு. ஒரு தையல்கடையில் பால் பாக்கெட்டும் விற்றார்கள். ஜெராக்ஸ் கடை வாசலில், கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வந்தவர்கள் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள். ஒரு வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி முருங்கை தெருவுக்கே வந்துவிட்டது, காய் தலையில் இடித்தது. யார் வீடு, ஏன் பறிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனமில்லை.

மளிகைக்கடையையும் கண்டுபிடித்தேன். கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, "என்ன வேணும்மா?" என்றார். "துவரம்பருப்பு புதுசு வந்துருச்சா?" என்று கேட்டதுதான் தாமதம், மனுஷன் எழுந்து நின்றுவிட்டார்.

"அக்கா, நீங்களா! போன்ல கேட்ட குரல வச்சுல்ல கண்டுபிடிச்சேன். வாங்க வாங்க. மருமக வரலியா?"

"அவளை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னக்கா இப்படிக் கேக்கீக? மத்தியானம் தெனம் இந்தப் பக்கம் நடந்து வருவாகளே. சும்மா விலை விசாரிப்பாக, போயிருவாக. ஒண்ணும் வாங்க மாட்டாக. வீட்டுல எல்லாம் இருக்குன்னு சொல்லுவாக."

மத்தியானம் நான் தூங்குகிற நேரம். அவளும் மாடியில் தூங்குகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். வந்தது கோபமா ஆச்சரியமா என்று தெரியவில்லை. கால் மட்டும் வேகமாக நடந்தது. நாலு வழிச் சாலை ஓரத்து நர்சரிக்குப் போனேன். கறிவேப்பிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாளிடம், கோயம்புத்தூர்ப் பேச்சு பேசுகிற பெண் ஒருத்தி இங்கே வருவாளா என்று கேட்டேன்.

"ஆமா, வருவாக. தொட்டில வளர்ற செடியாப் பாத்து எடுத்து வைக்கச் சொல்லிருக்காக. வாடகை வீடாம்ல, மண்ணுல வைக்க முடியாதாம். பார்க்குக்கு எதுத்தாப்ல மாடி வீட்டப் பாத்துட்டுப் போயிருக்காக. அடுத்த மாசம் வந்துருவோம்னாக."

கேட்டதும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். கோயம்புத்தூர் இல்லை! மகன் இங்கேதான் இருப்பான். மனசு லேசாகி, ஒரு ரோஜாக் கன்றுக்கு விலைகூடக் கேட்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாதித் தெருவில்தான் மற்றது புரிந்தது. அவளுக்கு ஊர் பிடித்திருக்கிறது. என் வீடுதான் பிடிக்கவில்லை.

அன்று முழுக்க ஆத்திரமாக இருந்தேன். பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். ஆனால் ஆத்திரத்தைத் தாண்டி, ஏன் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. என் சுபாவம் அது. ஞாயிற்றுக்கிழமை நடையை நிறுத்தவில்லை. வழியை மட்டும் மாற்றினேன்.

அவளுடன் கலெக்டர் ஆபீஸ் மரநிழலில் நடந்து, கடைத்தெரு வழியாக வந்தேன். கடைக்காரர்கள் அவளைப் பார்த்துத் தலையாட்ட, அவள் தெரியாதவள் மாதிரி தரையைப் பார்த்தாள். பார்க் என்று பெயர்ப்பலகை மட்டும் வைத்த இடத்துக்கு வந்தோம். கூண்டு போட்ட வேப்பங்கன்றுகளும் ஒரு துருப்பிடித்த சறுக்குப் பலகையும்தான் அங்கே உண்டு. எதிரே அந்த மாடி வீடு. நான் நின்றுவிட்டேன்.

"இதானே நீ பாத்த வீடு?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. பொய் சொல்லவில்லை. "ஆமாங்க அத்தை" என்றாள்.

"என் வீட்டுல உனக்கு என்ன கொறை தாயி? எது இல்லன்னு சொல்லு."

"எல்லாமே இருக்குதுங்க. நான் நெனைக்கறதுக்கு முன்னாலயே வாசல்ல வந்து நிக்குது. கருவேப்பிலை தீந்துபோச்சு, போயி வாங்கியாரணும்னு ஒரு நாளாவது நானும் கெளம்போணுமுங்க. எனக்குப் புடிச்ச ஒரு சோப்பக்கூட இன்னும் நான் வாங்கலீங்க."

"சோப்புக்காகவா ஒரு வீடு?"

"சோப்புக்காகத்தானுங்க அத்தை" என்றவள் அழுதுவிட்டாள்.

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை. தெருவில் நின்று அழுகிற பெண்ணை எப்படித் திட்டுவது? முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். அதற்குள் கீழ் வீட்டு அம்மாள் பேச்சுச் சத்தம் கேட்டு வெளியே வந்துவிட்டார். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் அவர்தான். மருமகளைப் பார்த்ததும், "வாங்க, மாமியாளக் கூட்டிட்டு வந்துருக்கீகளா?" என்று வரவேற்றார்.

மாடி ஏறிப் பார்த்தோம். அடுப்படி மேற்குப் பார்த்தது, சாயங்காலம் வெயில் வறுத்தெடுக்கும் என்று சொன்னேன். மருமகள் ஜன்னலைத் திறந்து, "பச்சையாத் தெரியுது பாருங்க அத்தை" என்று பார்க்கைக் காட்டினாள். கூண்டுக்கு மேலே தலை நீட்டிய கன்றுகள் எனக்கு அவ்வளவு ஒன்றும் பச்சையாகத் தெரியவில்லை. இருந்தாலும் தலையாட்டினேன்.

இறங்கி வந்ததும் அந்த அம்மாள் கறாராகப் பேசினார். "இங்கன தண்ணி லாரிதான். அதனால முதல்லயே கேட்டுக்கிடுதேன், கோவிச்சுக்கிடாதீக. மொத்தம் எம்புட்டுப் பேரு இருப்பீக?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நானும் வருவேன் என்று நான் சொன்னால் அவள் மறுக்க மாட்டாள், எனக்குத் தெரியும். அந்த அம்மாள் என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"ரெண்டு பேருதாம்மா" என்றேன்.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு அவர், மருமகளிடம் கொடுக்க இன்னொரு சாவி எடுத்து வர உள்ளே போனார்.