மூன்று மூடி லோஷன்

அந்த மனுஷனுக்குக் கம்பெனியில் வைத்த பெயர் பம்பரம். தரை துடைக்கும் லோஷன் விற்கிற வேலை. பதினாறு வருஷமாகத் தெருத் தெருவாக நடந்து, மாடி மாடியாக ஏறி இறங்கிய கால்கள்; வீட்டிலும் அவை நிற்காது. காலையில் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டு, மறு கையில் ஷூ துடைக்கிற துணி என்று கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடப்பார்.

"சாப்பிடறப்பவாவது உக்காருங்களேன். உங்களப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்பாள் மனைவி.

உட்கார்ந்தால் சட்டை கசங்கும் என்பார். அதெல்லாம் வெறும் சாக்கு.

அன்றைக்கு நடை கொஞ்சம் கூடுதல். அந்தப் பெரிய ஆஸ்பத்திரி ஆர்டர் வரவில்லையென்றால் திங்கட்கிழமை முதல் ஆபீஸில் ஒரு நாற்காலி, எதிரே ஒரு போன் என்று முதலாளி முந்தின நாளே சொல்லிவிட்டார். நாலு சுவருக்குள் நாள் பூராவும் உட்கார்ந்து பேச வேண்டும். இதற்கு என்னை ஜெயிலிலேயே போடலாம் என்று மனைவியிடம் புலம்பினார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

நல்ல பெயர் வாங்குவதில் ஆள் கில்லாடி. வாசலுக்கு வெளியிலேயே முகம் துடைத்து, நகம் பார்த்து, ஐந்து நிமிஷம் முன்னதாகவே போய் நிற்பார். இரண்டு தடவை உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். அதை மரியாதை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். பேச்சைவிடச் செய்து காட்டுவதுதான் அவருடைய பலம். தரையில் முழ நீளத்துக்கு ஒரு சதுரம் துடைத்தால் போதும், பார்க்கிறவர் வாயைப் பிளந்துவிடுவார். அதில் ஒரு தில்லுமுல்லு உண்டு. பக்கெட்டுக்கு ஒரு மூடி ஊற்றி, தரையை நனைத்து, பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும் என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது. பத்து நிமிஷம் சும்மா நிற்க இவரால் ஆகுமா? மூன்று மூடி ஊற்றி உடனே துடைத்துவிடுவார்.

ஆஸ்பத்திரி மேனேஜர் அறை வாசலிலும் அப்படித்தான் செய்தார். பழுப்பேறிய தரையில் அந்தச் சதுரம் மட்டும் பளிச்சென்று வெளுத்தது. குனிந்து பார்த்த மேனேஜர் லோஷனைப் பாராட்டவில்லை. வராந்தாவில் மாப்போடு நின்ற துப்புரவு சூப்பர்வைசர் அம்மாளைக் கூப்பிட்டார்.

"இதப் பாருங்க. இவர் ஒரு நிமிஷத்துல செஞ்சத நீங்க எட்டுப் பேரு இத்தன வருஷமா ஏன் செய்யல? அடுத்த மாசத்துலேர்ந்து வேற ஆளுங்கள வச்சுக்கறேன்."

அந்த அம்மாளுக்கும் இவர் வயதுதான் இருக்கும். மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, குனிந்து அந்தச் சதுரத்தைப் பார்த்தாள்.

மேனேஜர் ஆர்டர் தாளை எடுத்துப் பன்னிரண்டு கேன் என்று எழுதி, கையெழுத்துப் போடப் போனார். வாங்கிக்கொண்டு ஓடிவிடு என்று இவர் மனசு அடித்துக்கொண்டது. பாழாய்ப்போன கால் அன்றைக்கென்று நகரவில்லை. எட்டுப் பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

"சார், நான் மூணு மூடி ஊத்தினேன். ஒண்ணுதான் ஊத்தி, பத்து நிமிஷம் ஊறவிடணும்."

பேனா நின்றது. "அப்ப என்னை ஏமாத்த வந்தீங்களா?"

அதற்குள் அந்த அம்மாள் வந்து பக்கெட்டைக் காலி செய்தாள். புதுத் தண்ணீரில் ஒரே ஒரு மூடி ஊற்றி, அந்தச் சதுரத்துக்குப் பக்கத்திலேயே தரையை நனைத்தாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்து இவர் முன்னால் போட்டாள்.

"பத்து நிமிஷம் ஆகும். உக்காருங்க."

உட்கார்ந்தார். அப்பப்பா, அந்தப் பத்து நிமிஷம் அவர் பட்ட பாடு! முழங்கால் ஆடியது, விரல் தொடையில் தாளம் போட்டது, கடிகாரம் நகர்வேனா என்றது.

அவள் துடைத்தபோது, இவருடைய சதுரத்தைவிட அந்த இடம் வெளுப்பாக இருந்தது.

"செய்யத் தெரிஞ்சிருக்கே. அப்ப இத்தன நாளா என்ன?" என்றார் மேனேஜர். குரல் இறங்கியிருந்தது.

"எந்த லோஷனா இருந்தாலும் ஊறணும் சார். நீங்க எங்க பத்து நிமிஷம் விட்டீங்க? நனைச்ச தரை மேலயே நடந்து வந்து, இன்னும் முடியலையான்னு கேப்பீங்க."

மேனேஜர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். ஆள் மாற்றும் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. பன்னிரண்டு கேன் என்றிருந்ததை அடித்து, ஒரு மூடிக் கணக்குக்கு நாலு போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலாளி முணுமுணுப்பார்தான். ஆனாலும் ஆர்டர் ஆர்டர்தானே, இவர் பிழைத்துக்கொண்டார்.

வெளியே வரும்போது அந்த அம்மாளிடம் போய், "மன்னிச்சிருங்க" என்றார்.

"மன்னிப்பு இருக்கட்டும் சார். இதோட மூணு தடவ வந்துட்டீங்க. வாட்ச்மேனுக்கு வணக்கம், ரிசப்ஷன் பொண்ணுக்குச் சிரிப்பு, மேனேஜர்கிட்ட ஒரே குழைவு. இந்தத் தரையத் துடைக்கிறவ நான். என்கிட்ட ஒரு வார்த்தை பேசினீங்களா?"

பேசவில்லைதான். இங்கே மட்டுமா, பதினாறு வருஷத்தில் எந்தக் கட்டடத்திலும் மாப் பிடித்தவரிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவமானத்தில் அவருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.