மஞ்சள் சுவர் தாண்டிய வண்டி

அவளைத் துருவி என்றுதான் தெருவே கூப்பிட்டது. பெற்றவர்கள் வாய்நிறைய ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் எதைக் கண்டாலும் துருவித் துருவிக் கேட்கிற பிள்ளையிடம் அந்தப் பெயர் தங்கவில்லை. குழாயில் தண்ணீர் நின்றுவிட்டால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார்கள். இவள் குழாய்க்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பாள். ஐம்பதை நெருங்கியும் அந்தக் குணம் போகவில்லை. ஆளும் குள்ளம். சலவைக்கூடத்தில் துணி மூட்டைகளுக்கு நடுவில் நின்றால் எது மூட்டை, எது மனுஷி என்று தேட வேண்டியிருக்கிறது என்பார் அவள் கணவர். அவர் தச்சர். மனைவியைத் தவிர வேறு யாரையும் கிண்டல் செய்யத் துணியாதவர்.

அவளிடம் ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டி இருந்தது. வண்டி முழுக்கத் துரு, ஓட்டுகிறவள் துருவி, பொருத்தம் பார்த்து வாங்கியதுபோல இருக்கிறது என்று ஊர் சிரித்தது. ஒரு காய்கறி வியாபாரியிடம் வாங்கிய வண்டி அது. "மேடு கண்டா சிங்கம்மா இது, சிங்கம்" என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். வாங்கி வந்து உட்கார்ந்து பார்த்தால் அவள் கால் எந்த மிதிக்கும் எட்டவில்லை. அன்றைக்கே கணவர் நல்ல வைரம் பாய்ந்த மரத்தில் மூன்று கட்டைகள் சீவினார். ஓரமெல்லாம் மழுக்கி, மெழுகு தேய்த்து, கிளட்சுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஆக்சிலேட்டருக்கு ஒன்று என்று போல்ட் போட்டு முடுக்கிக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

பல வருடங்கள் அவர் செய்த கட்டிலையும் அலமாரியையும் சமதரையில் ஏற்றிப் போனதோடு சரி, சிங்கத்துக்கு மேட்டைக் காட்ட வேலையே வரவில்லை. போன வருடம் கணவருக்கு மணிக்கட்டு வலி வந்து பட்டறை வேலை பாதியானது. அந்த நேரம் பார்த்து, தெருமுனைச் சலவைக்கூடத்துக்கு மலைமேல் ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள் மொத்தமாக வந்தன. விடியற்காலையில் சலவை விரிப்புகளை மேலே கொண்டுபோய்க் கொடுத்து, அழுக்கை எடுத்து வரும் வேலை துருவிக்குக் கிடைத்தது. அப்போதுதான் தெரிந்தது, சிங்கம் வெறும் பூனை என்று.

மலைச்சாலையில் கால்வாசி தூரத்தில் மஞ்சள் சுவர் வைத்த ஒரு வீடு. அங்கே வந்ததும் வண்டி திணறும். முதல் கியருக்கு இறக்கி, நத்தைபோல ஊர்ந்து, உடைந்த பெஞ்சு கிடக்கும் வளைவு வருவதற்குள் இன்ஜின் கொதித்துவிடும். ஓரம் கட்டி ஆற விடுவாள். ஒவ்வொரு நாளும் அந்த வளைவில் நின்றபடி காய்கறி வியாபாரியின் ஏழு தலைமுறையையும் வைவாள். சலவைக்கூடத்தில் இஸ்திரி இயந்திரத்திலிருந்து சுடச்சுட எடுத்து மடித்த விரிப்பு, மேலே போய்ச் சேரும்போது சில்லிட்டுப் போயிருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் மேட்ரன் அம்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வேலை மாறும் நேரத்துக்குள் படுக்கை மாற்ற முடியாமல் நர்சுகள் அவரிடம் பேச்சு வாங்குவார்கள்; அவர் இவளிடம் அதைத் திருப்பிக் கொடுப்பார்.

கடைசியில் சலவைக்கூடத்து முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டார். "உன்மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா புது வண்டி வெச்சிருக்கிற ஒருத்தர் வந்து பேசிட்டுப் போயிருக்காரு. இந்த மாசம் முடியற வரைக்கும் பாக்குறேன். அதுக்கப்புறமும் இப்படித்தான்னா வேலையை அவருக்குக் குடுக்கறதைத் தவிர வழியில்ல."

வீட்டில் அடுப்பு எரிவதே அந்த வேலையில்தான். துருவி நேராக மெக்கானிக்கிடம் போனாள்.

மெக்கானிக் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "வயசாயிடுச்சுக்கா. இன்ஜினை இறக்கித்தான் ஆகணும்" என்றான். அதற்கு ஆகும் செலவைச் சொன்னான். அந்தப் பணத்துக்கு அவள் வண்டியைத்தான் விற்க வேண்டும்.

"வயசானா சரி. உள்ள எது தேஞ்சிருக்கு?"

"ரிங்கு, வால்வு, எல்லாந்தான்."

"பாத்தீங்களா தம்பி?"

"பாக்காமலே தெரியும்கா."

"பாக்காம எப்படித் தெரியும்? பாத்துட்டுச் சொல்லுங்களேன்."

அவள் வாயை அடைப்பதற்காகவே அவன் கம்ப்ரஷன் அளக்கும் கருவியை எடுத்தான். அளந்தான். மறுபடி அளந்தான். தலையைச் சொறிந்தான். உள்ளே காற்றை அழுத்திப் பிடிப்பதில் குறையே இல்லை. அந்த வயதுக்கு வண்டியின் மூச்சு பலமாகவே இருந்தது. "இது நல்லா இருந்தா வண்டி ஏறணுமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"அப்புறம் ஏன் ஏறல?"

"அதான்கா எனக்கும் தெரியல" என்றான். அதைச் சொன்ன பிறகு அவனுக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. காசு அதிகம் பிடிக்காத காரியங்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். துருவி ஒரு நிபந்தனை போட்டாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதும் முழுப் பாரத்தோடு மலையேறி, எந்த இடத்தில் முதல் கியருக்கு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். எதனால் எவ்வளவு என்று தெரியாமல் வண்டி சரியானால்கூட அவளுக்குத் தூக்கம் வராது.

முதலில் காற்று வடிகட்டி. திறந்தால் உள்ளே ஒரு சின்னத் தலையணைக்கு ஆகும் பஞ்சு! சலவைக்கூடத்தின் பின்பக்கம், துணி உலர்த்தும் இயந்திரம் காற்றை ஊதித்தள்ளும் குழாய்க்கு நேர் எதிரில் அவள் தினமும் வண்டியை நிறுத்தியிருந்தாள். ஊரார் துணியின் நூலெல்லாம் வண்டியின் மூக்கில் போய் அடைத்திருந்தது. புது வடிகட்டி போட்டு, நிறுத்துகிற இடத்தையும் மாற்றினாள். மறுநாள் மஞ்சள் சுவரைத் தாண்டித் தெருக்குழாய் வரைக்கும் வண்டி இரண்டாவது கியரிலேயே போனது. அந்த வீட்டுக்காரர் வெளியே வந்து நின்று பார்த்தார். தினம் தன் வாசலில் உறுமுகிற வண்டி அன்று உறுமாமல் போனதில் அவருக்கே ஏமாற்றம்.

அடுத்தது பாரம். வண்டியின் பின்பெட்டி அடியில் என்னென்ன கிடக்கிறது என்று ஒரு மத்தியானம் வாரி வெளியே போட்டாள். கணவரின் மரத்துண்டுகள், யாரோ கொடுத்த இரும்புத் தகடு, உதவாத இன்னொரு ஸ்டெப்னி. "அது ஒரு நாளைக்கு உதவும்" என்றார் கணவர், ஒவ்வொரு துண்டுக்கும். "அந்த நாள் வரட்டும், அதுவரைக்கும் உங்க கட்டிலுக்கு அடியில இருக்கட்டும்" என்றாள். டயர்களுக்குச் சரியாகக் காற்று பிடித்தாள். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்கம்பம் தூரம் என்று கொஞ்சம் கொஞ்சமாக முன்னேற்றம். பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தபோது ஒன்று சுற்றவே மறுத்தது. பிரேக் உள்ளே ஒட்டிக்கொண்டு உரசியபடி இருந்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்து விட்டதும் வண்டி இரண்டாவது கியரிலேயே தையல்கடைக்கு வந்து சேர்ந்தது.

தையல்காரர் தைப்பதை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். "என்னம்மா, நேத்து வரைக்கும் குழாய்கிட்ட இருமிட்டிருந்தது, இன்னைக்கு நம்ம கடைக்கு வந்துடுச்சே! நாளைக்கு எங்க?"

"வளைவுக்கு அண்ணே. வளைவைத் தாண்டிட்டா மேல போய்ச் சேர்ந்த மாதிரி."

சொன்னாளே தவிர, இரண்டாவது கியர் தையல்கடையைத் தாண்டவில்லை. டீசல் வடிகட்டியை மாற்றினார்கள், புகைக்குழாயைக் கழற்றித் தட்டினார்கள், எதற்கும் அசையவில்லை. வளைவில் நின்று ஆற விடுவது தொடர்ந்தது. மாதமோ முடிந்துகொண்டிருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக வண்டியைக் குறை சொல்கிறோமோ, தன் ஓட்டுதலில்தான் கோளாறோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. வாய்விட்டு அழவும் செய்தாள், சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டு. மெக்கானிக்கையே ஓட்டச் சொன்னாள். அவன் நெட்டையன், முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கை இடிக்க மடங்கி உட்கார்ந்து ஓட்டினான். அவன் ஓட்டியும் அதே தையல்கடைதான்.

மாதக் கடைசிக்கு முந்தின நாள். பட்டறையில் இன்ஜின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மெக்கானிக் குனிந்திருந்தான். வழக்கமாக அவன் அங்கே நின்றபடியே டீசல் பம்பின் லீவரைக் கையால் கொஞ்சம் இழுத்து இன்ஜினை உறுமவிடுவான். அன்று கையில் கிரீஸ். "அக்கா, உள்ள உக்காந்து முழுசா மிதிங்க" என்றான்.

மிதித்தாள்.

"முழுசா மிதிங்கக்கா."

"முழுசாத்தான் மிதிச்சிருக்கேன்."

"இல்லையே. லீவர் கடைசிக்கு வரலையே."

"என் காலு, எனக்குத் தெரியாதா? கட்டை தரையோட ஒட்டிக்கிட்டிருக்கு!"

அவன் கிரீஸ் கையாலேயே லீவரைக் கடைசிவரை இழுத்தான். இன்ஜின் அவள் அதுவரை கேட்டே இராத ஒரு குரலில் கத்தியது. பட்டறைக் கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. துருவிக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு குரலையும் இந்த வண்டி எங்கே வைத்திருந்தது?

இறங்கினாள். ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையைக் கொடுத்து, மிதியைக் கையால் அழுத்திப் பார்த்தாள். இருட்டில் எது எதில் முட்டுகிறது என்று தெரியவில்லை. சலவைக்கூடத்தில் ஊறிக் கூழாகிப்போன துணி சோப்புத் துண்டு ஒன்று அவள் பையில் எப்போதும் கிடக்கும், கைகழுவ. அதை அப்பம்போலத் தட்டித் தரையில் வைத்து, வண்டியில் ஏறி, ஆக்சிலேட்டரைப் பலம்கொண்டமட்டும் மிதித்தாள். பிறகு சோப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

சோப்பில் நான்கு வட்டக் குழிகள். மிதியின் தடம் துளிகூட இல்லை. கட்டையைப் பிடித்திருந்த போல்ட்டுகள் மிதிக்குக் கீழே விரல் நீளம் நீட்டிக்கொண்டிருந்தன. மிதி அடிக்குப் போவதற்கு வெகுமுன்பே அவை தரையில் முட்டி நின்றுவிடுகின்றன. வாங்கிய நாளிலிருந்து அவள் முக்கால் மிதிதான் மிதித்திருக்கிறாள். ஒப்பிட்டுப் பார்க்க அவளுக்கு வேறு வண்டியும் இல்லை, வேறு காலும் இல்லை. பிரேக்குக்கும் கிளட்சுக்கும் கீழே அதே சோப்பை வைத்துப் பார்த்தாள். அவை தரைக்கு எட்டவில்லை, நல்ல காலம்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வயசு என்றான் மெக்கானிக், பொய்யன் என்றாள் இவள் அந்தக் காய்கறி வியாபாரியை. மனுஷர் சொன்னது அத்தனையும் சத்தியம்! இவ்வளவு வருடமாக வைததை எங்கே போய்த் திரும்ப வாங்குவது என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த கணவரிடம் சோப்பை நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை விரலால் அளந்தார். முகம் சுண்டிப்போனது.

"இது என் போல்ட்டு."

"உங்களோடதுதான்."

"கட்டை கழண்டு உன் கால் நழுவிடக்கூடாதேன்னு நீளமா போட்டேன்." சோப்பை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "அந்த வளைவுல தினம் நின்னியே, அது என்னாலயா?"

அவளுக்குக் கோபம் வந்தது உண்மை. மேட்ரன் அம்மாவிடம் வாங்கிய பேச்செல்லாம் தொண்டைவரை வந்தது. ஆனால் அவர் வலிக்கிற மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்ததும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "கட்டை இல்லேன்னா நான் வண்டியே ஓட்டியிருக்க மாட்டேன். நின்னாலும் ஓட்டிக்கிட்டுத்தானே நின்னேன்? போங்க, போய்க் குட்டை போல்ட்டு எடுத்துட்டு வாங்க."

குட்டை போல்ட் அவர் பெட்டியிலேயே இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. மணிக்கட்டு வலியோடு அவரே முடுக்கினார், யாரையும் தொடவிடவில்லை.

மறுநாள் விடியலில் அவரும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் முழுப் பாரம். மஞ்சள் சுவர் போனது, குழாய் போனது. தையல்கடை இன்னும் திறக்கவில்லை. தையல்காரர் பல் துலக்கியபடி மாடியில் நின்று பிரஷ்ஷை ஆட்டினார். வளைவு வந்ததும் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். துருவி மிதித்தாள். கட்டை இறங்கியது, இன்னும் இறங்கியது, அவள் கால் இதுவரை போகாத இடத்துக்குப் போனது. நேற்றுக் கேட்ட அந்தக் குரல் அடியிலிருந்து எழுந்தது. உடைந்த பெஞ்சு கண்ணாடியில் சின்னதாகிப் பின்னால் போனது.

ஆஸ்பத்திரி வாசலில் யாரும் இல்லை. அவளே கதவைத் தட்டி, காவலாளியை எழுப்பி, கட்டுகளை இறக்கி வரிசையாக அடுக்கினாள். மேட்ரன் அம்மா தலையைப் பின்னிக்கொண்டே வந்தவர், விரிப்புகளைப் பார்த்து நின்றுவிட்டார். திட்டுவதற்கு வாய் பழகியிருந்தது. திட்ட எதுவும் கிடைக்கவில்லை. சந்தேகத்தோடு மேல்விரிப்பின்மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"சூடா இருக்கே" என்றார்.

"இஸ்திரி சூடுங்கம்மா. வழியில நிக்கல."

மேட்ரன் அம்மா உள்ளே திரும்பி நர்சைக் கூப்பிட்டார். "இந்த விரிப்புகளை முதல்ல பிரசவ வார்டுக்கு எடுத்துட்டுப் போ. ஆறிடறதுக்குள்ள விரிச்சிடு." பிறகு துருவியைப் பார்த்து, எப்போதும்போல அதட்டலாக, "நாளைக்கும் இப்படியே வேணும்" என்றார்.

துருவி வண்டிக்குத் திரும்பினாள். கணவர் பழைய போல்ட்டுகள் நான்கையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கும் வரச் சொல்லிட்டாங்க" என்றாள். அவர் தலையாட்டினார்.

வண்டியைக் கிளப்பப் போனவள், சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இந்தக் கதவை மட்டும் ஏன் ரெண்டு தடவை சாத்தினாத்தான் மூடுது?"

கதவின் கைப்பிடி அவரே மரத்தில் செய்து மாட்டியது. அவர் அதைப் பார்த்தார். பிறகு இறங்கிப்போய், குனிந்து, கதவின் விளிம்பைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்.