ஒருவேளை சார்

தன் சாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒத்திகை பார்த்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். காலைச் சாப்பாடு முடிந்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் அவர் உட்காருவார். ஒத்திகையில் அவர்தான் வங்கி குமாஸ்தா. இந்தப் பக்கம் அவர் மனைவி. அவள் விதவை. மேசைக்கு அடியில் பொம்மையும் கையுமாக அவர்களுடைய ஒரே மகள்.

"என்ன விஷயம்?" என்பார் குமாஸ்தா, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

"என் வீட்டுக்காரர் இறந்துட்டாருங்க. அவர் கணக்கை என் பேருக்கு மாத்தணும்."

"இந்தப் பேப்பரெல்லாம் பத்தாதும்மா. நாளைக்கு வாங்க."

"ஏன் பத்தாது? என்ன வேணும்னு இப்பவே சொல்லுங்க. இல்லேன்னா மேனேஜரைக் கூப்பிடுங்க."

"சபாஷ்!" என்று குமாஸ்தா மேசையைத் தட்டுவார். "இப்படித்தான் கேக்கணும். அழ மட்டும் கூடாது. அழுதா உட்கார வச்சுத் தண்ணி குடுப்பாங்களே தவிர, வேலை நடக்காது."

"சரி சரி, அடுப்புல பால் பொங்குது" என்று விதவை எழுந்துவிடுவாள். "மிச்சச் சாவை அடுத்த வாரம் வச்சுக்கலாம்."

மேசைக்கடியிலிருந்து மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். எல்லா வீட்டிலும் அப்பாக்கள் இப்படித்தான் விளையாடுவார்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தாள்.

ஒரு நிதி நிறுவனத்தில் அவருக்கு வேலை. மற்றவர்கள் லாபத்தைக் கணக்குப் போட்டு எடுத்து வருவார்கள். அதில் எங்கே ஓட்டை விழும் என்று பார்ப்பது அவர் பொறுப்பு. "ஒருவேளை அந்த ஆளு படுத்துட்டா? ஒருவேளை ரெண்டு வருஷம் வியாபாரமே இல்லேன்னா?" என்று அவர் ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்கு வியர்த்துவிடும். ஆபீஸ் முழுக்க அவருக்கு 'ஒருவேளை சார்' என்றுதான் பெயர். "சார், ஒருவேளை லிஃப்ட் கயிறு அறுந்தா?" என்று பையன்கள் சீண்டுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். மறுநாள் படியேறி வருவார்.

வீட்டுக் கணக்கில் அவர் கண்ட ஓட்டை, தன் நெஞ்சுதான். அவருடைய அப்பாவும் அண்ணனும் ஐம்பதைத் தொடாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். அடுத்தது தான்தான் என்று முடிவு கட்டிவிட்டார். கல்யாணமான முதல் வாரமே அதை மனைவியிடம் சொல்லியும் விட்டார். "முதல் வாரத்துல சொல்ற சமாசாரமாங்க இது?" என்று அவள் கேட்டாளாம். "அப்புறம் தெரிஞ்சா ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது பாரு" என்றாராம்.

அதற்குப் பிறகு அவர் வாழ்ந்ததெல்லாம் அவளைத் தனியாக நிற்கத் தயார் செய்யத்தான். தலைமை அலுவலகத்தில் பெரிய பதவி கொடுத்துக் கூப்பிட்டார்கள். தெரியாத ஊரில் அவள் தனியாக மாட்டிக்கொள்வாளே என்று மறுத்துவிட்டார். அவரிடம் வேலை கற்றவர்கள் அவர் தலைக்கு மேல் போனார்கள். அவர் மாலையானால் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்து மகளின் பள்ளிக்கூடக் கணக்கோடு உட்கார்ந்துவிடுவார். வீடு வாங்கப் போன இடத்தில், ஒரு நீள பெஞ்சை இரவல் வாங்கி, வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே திருப்பிப் பார்த்தார். ஸ்ட்ரெச்சர் சுவரில் இடிக்காமல் வெளியே போகுமா என்று தெரிய வேண்டுமாம். "குடி வர்றதுக்கு முன்னாடியே கிளம்புற வழியைப் பாக்குறீங்களே சார்!" என்றார் தரகர்.

ஃபியூஸ் போடுவது, கார் ஓட்டுவது, குழாய்க்காரரிடம் கறாராகப் பேசுவது என்று எல்லாவற்றையும் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார். அவருக்கோ வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. "டீ போடவாவது கத்துக்கக் கூடாதா?" என்று அவள் கேட்டால், "முன்னாடி போறவனுக்கு அதெல்லாம் எதுக்கு?" என்பார். ஊரிலுள்ள கணக்கையெல்லாம் ஒருவேளை ஒருவேளை என்று குடைந்தவர், இந்த ஒன்றை மட்டும் குடையவில்லை.

வருடத்துக்கு இரண்டு முறை இதய டாக்டரிடம் போவார்கள். அவருக்கு எல்லாச் சோதனையும் நடக்கும். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே காத்திருப்பாள். "நீங்க எப்படிம்மா இருக்கீங்க?" என்று டாக்டர் மரியாதைக்குக் கேட்பார். "எனக்கென்ன டாக்டர், குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்."

ஐம்பது போயிற்று, அறுபதும் போயிற்று. மகள் கல்யாணமாகி வேறு தெருவுக்குப் போனாள். அவர் ஓய்வு பெற்றுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "குடுத்த வாக்கைக் காப்பாத்தத் தெரியல உங்களுக்கு" என்று மனைவி கேலி செய்வாள். அப்போதும் ஞாயிறு ஒத்திகை நிற்கவில்லை.

ஒருநாள் முற்பகலில் அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

மகள் ஓடி வந்தபோது ஸ்ட்ரெச்சர் வெளியே வந்துகொண்டிருந்தது. அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். கூடத்துத் திருப்பத்தில் அது நோகாமல் திரும்பி வாசலைத் தாண்டியது. "பாத்தியா," என்றார் மகளிடம். "இடிக்கல."

துக்கத்துக்கு வந்த பக்கத்து வீட்டு அக்கா அழுகையோடு அழுகையாகச் சொன்னாள்: "ஆறு மாசமாவே தோளு வலிக்குது, மூச்சு வாங்குதுன்னு சொல்லிட்டிருந்தா. டாக்டர்கிட்டக் காட்டுன்னேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா, பயந்துட்டா அவர் நெஞ்சு தாங்காதுன்னா."

அவர் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு, பேப்பர் படிக்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அந்த நாற்காலியை விட்டு அவர் பிறகு முழுதாக எழுந்ததே இல்லை என்று மகளுக்குத் தோன்றும்.

மாதம் ஒன்று கழித்து, அம்மா பெயரிலிருந்த சிறு கணக்கை மூட மகள் அவரை வங்கிக்கு அழைத்துப் போனாள். "நானே பேசுறேன்" என்றார். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன விஷயம் சார்?" என்று கேட்டார்.

அவர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. இத்தனை வருடமாக அந்த வாக்கியத்தைச் சொன்னவள் அவள். அவர் எந்நாளும் எதிர்ப்பக்கம்தான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கடைசியில் அவருக்கு வந்தது, அவருக்குத் தெரிந்த வசனம்தான்.

"இந்தப் பேப்பரெல்லாம் பத்தாதும்மா," என்றார் மெதுவாக, யாரையும் பார்க்காமல். "நாளைக்கு வாங்க."

திரும்பி வெளியே போய்விட்டார். அதன் பிறகு அந்த வங்கிப் பக்கமே போகவில்லை.

மகள் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். நான்கே நாளில் திரும்பிவிட்டார். டீ போடக் கற்றுக்கொடுத்தாள். கவனமாகக் கேட்டுக்கொண்டார், ஆனால் அடுப்பு பற்றவைத்த அடையாளமே வீட்டில் இருக்காது. வெறும் ரொட்டியை நின்றபடியே தின்றார். "ஒருவேளை அம்மா உங்களை இப்படிப் பாத்தா..." என்று அவள் ஆரம்பித்தபோது, "அந்த வார்த்தையை எங்கிட்டச் சொல்லாதே" என்றார். அதட்டிச் சொல்லவில்லை. கெஞ்சினார்.

டாக்டரிடம் இப்போது மகள்தான் உடன் போனாள். "உங்க இதயத்துக்கு ஒரு குறையும் இல்ல சார்" என்பார் டாக்டர் சந்தோஷமாக. பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி அவர் வெளியே வருவார். "நல்லாத்தான் இருக்காம்" என்பார். அந்த நல்ல இதயத்தோடு அவர் பல வருடம் கிடந்தார். அவரைத் தேற்ற மகளுக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை. இருக்கவும் இல்லை.

போன மாதம் நுரையீரலில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார். "எல்லாம் அடங்கின பிறகும் இதயம் மட்டும் விடாம அடிச்சுதுங்க" என்று நர்ஸ் ஆறுதலாகச் சொன்னாள். மகளால் அதைக் கேட்கவே முடியவில்லை.

நேற்று அவள் தனியாக அதே வங்கிக்குப் போனாள்.

"என்ன விஷயம்?"

"எங்க அப்பா இறந்துட்டாருங்க. அவர் கணக்கை முடிக்கணும்." குரல் அப்படியே அம்மாவுடையது மாதிரி, தடுமாறாமல் வந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "அம்மா கணக்கும் இருக்கு."

"அவங்க வரலையா?"

"அவங்க முன்னாடியே போயிட்டாங்க."

கவுண்டர்க்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இங்க அவங்க உயிரோட இருக்கிறதாத்தான் இருக்கு. இத்தனை வருஷமா யாருமே வந்து சொல்லலையே?"

"சொல்ல வந்தாரு" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் நீட்டியதைப் புரட்டிப் பார்த்தார். "இந்தப் பேப்பரெல்லாம் பத்தாதுங்க. நாளைக்கு வாங்க."

என்ன கேட்க வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மேசைக்கடியில் இருந்து மனப்பாடமாகக் கேட்டதுதான். ஏன் பத்தாது என்று கேட்க வேண்டும், மேனேஜரைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். அவளோ ஓவென்று அழுதுவிட்டாள்.

அவர் பதறி எழுந்து வந்து, அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார். வேலை நடக்கவில்லை.