என் மகளுக்குத் திறந்த கதவு

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே நாலைந்து வருடம் போய்விட்டது. படிப்பு குறைந்தவன், பெரிய பல்கலைக்கழகத்து வழக்கத்தைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறேன் என்ற கூச்சம் ஒருபக்கம். பெற்ற மகளைப் பற்றியதாயிற்றே என்ற பயம் ஒருபக்கம்.

அமெரிக்காவில் என் மகள் காமாட்சி படித்த இடத்தில், பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு பெரிய வீட்டில் தங்குவார்கள். வாசலில் மூன்று கிரேக்க எழுத்து இருக்கும். பிரட்டர்னிட்டி என்று பெயர். பெரும்பாலும் பையன்களுக்கானது, இவள் சேர்ந்த வீட்டில் பெண்பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. ஆனால் அவர்களையும் ‘பிரதர்’ என்றுதான் சொல்கிறார்கள். பெற்றோர் வந்து பார்க்கும் நாளில் நான் போயிருந்தேன். காமாட்சியின் அப்பா என்றதும், கதவைத் திறந்த பையன் அவள் எங்கள் பிரதர் என்று சந்தோஷமாகக் கை குலுக்கினான். கம்பம் ஊரில் திராட்சை லோடு ஏற்றிப் பிழைத்து, இங்கே அமெரிக்கா வந்து காய்கறிக் கிடங்கில் பெட்டி தூக்குகிறவன் நான். தலையாட்டினேன்.

மகள் மாடி, சமையலறை எல்லாம் காட்டினாள். கீழ்த்தளத்தில் ஒரு கதவு மட்டும் சாத்தியிருந்தது. புதிதாகச் சேர்கிறவர்கள் உறுதிமொழி எடுக்கும் அறை, வெளியாட்கள் போகக்கூடாது என்றாள். நான் ஷூவைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். தேவதானப்பட்டியில் எங்கள் குலதெய்வத்தின் கதவு திறப்பதே இல்லை. சாத்திய கதவுக்குத்தான் பூசை. தேங்காயை உடைக்காமல், பழத்தை உரிக்காமல் அப்படியே வைப்போம். இவளுக்கு முடியிறக்கியதும் அந்தக் கதவுக்கு முன்னால்தான். அந்தப் பழக்கத்தில் கை தானாகக் குவிந்துவிட்டது. கூடவே வந்த அந்தப் பையன், தரை அழுக்கு, ஷூவைக் கழற்ற வேண்டாம் என்று பதறினான்.

“உள்ள என்ன சாமி, ஆத்தா?”

“சாமியெல்லாம் இல்லப்பா. ஷூவப் போடுங்க, எல்லாரும் பாக்குறாக.”

“அப்ப எது மேல சத்தியம் பண்ணுன?”

“அதச் சொல்லக் கூடாதுப்பா.”

“அப்பன்கிட்டயுமா?”

“நம்ம கோயில்ல உள்ள என்ன இருக்குன்னு நீங்க கேட்டீகளா?”

“அது யாருக்குமே தொறக்காது. எனக்கும் உனக்கும் ஒண்ணுதான். இது உனக்குத் தொறக்குது, எனக்குத் தொறக்கலயே.”

அந்நேரம் உள்ளேயிருந்து யாரோ ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் கேள்விப்படாத பெயர். வேறு யாரையோ என்று நினைத்தேன். என் மகள் திரும்பினாள். அந்த வீடு அவளுக்கு வைத்த பெயராம். இந்தா வந்துவிடுகிறேன் என்று உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

படிப்பு முடிந்தும் அந்தக் கூட்டம் விடவில்லை. போன வருடம் அவளுக்கு ஆபரேஷன் நடந்தபோது பக்கத்தில் இருந்தது அவர்கள்தான். வீடு திரும்பிய பிறகுதான் எங்களுக்குச் சொன்னாள். அவள் அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நம் ஊர்க்காரர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். அந்த அறைக்குள் என்னமோ நடந்தது என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். நான் பார்க்கவில்லை. அவள் உள்ளே போனாள், நான் வெறுங்காலோடு வெளியே நின்றேன். இதை இப்படியே சொல்லுங்கள்.